பிறவிச் செம்மச்சத்திற்கு எந்த லேசர்? மார்க்கம் தரும் அளவுகோல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



சின்னசேலத்தில் மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் பெற்றோர் கொண்டுவரும் கேள்விகளுள் ஒன்று அண்மைக்காலமாக அடிக்கடி வருகின்றது. குழந்தை பிறந்தபோதே கன்னத்திலோ நெற்றியிலோ சிவந்த மச்சம் இருந்தது. லேசரால் நீக்கலாம் என்கிறார்கள். ஆத்தூரில் ஒருவர் ஒரு லேசரைச் சொல்கிறார், சேலத்தில் இன்னொருவர் வேறொன்றைச் சொல்கிறார், கைப்பேசியில் தேடினால் பத்து விதமாக வருகின்றது. "எது நல்லது ஹஜ்ரத்? முதலில் இதைச் செய்வது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்கின்றனர்.

இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதே நம் பொறுப்பு. முதல் கேள்வி தோல் மருத்துவருக்கு உரியது. ஆயினும், இச்சிகிச்சை கூடும் என்று மார்க்க அறிஞர்கள் சொன்னபோது சில நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னார்கள். அந்த நிபந்தனைகளை எடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு லேசரை இன்னொரு லேசரோடு ஒப்பிடுவதற்கும் அவற்றைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது நம் கருத்து. அந்த இடத்தை விலைப்பட்டியலும் விளம்பரப் படங்களும் பிடித்துக்கொண்டதால்தான் குழப்பம் மிகுந்துவிட்டது.

படைப்பை மாற்றுவதாகுமா?

தயக்கத்தின் வேர் திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயத்தில் உள்ளது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை 4:119ஆவது வசனம் எடுத்துரைக்கின்றது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், பச்சை குத்துவோரும், முகத்து முடியைப் பறிப்போரும், அழகிற்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குவோரும் சாபத்திற்குரியவர்கள் எனச் சொல்லப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, அல்லாஹ் கொடுத்த மச்சத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் ஈமான் என்று முடிவுகட்டுவோர் நம்மிடையே உள்ளனர்.

அந்த ஹதீஸில் உள்ள 'அழகிற்காக' என்ற சொல்லை அவர்கள் கடந்து சென்றுவிடுகின்றனர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமிற்கு எழுதிய விரிவுரையில் அச்சொல்லில் நின்று விளக்கம் தருகின்றார்கள்: தடை என்பது அழகை மட்டும் நாடிச் செய்வதற்கே, சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையின் காரணமாகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் இதற்குத் துணை நிற்கின்றது. குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் வீசவே, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட மார்க்கத்தில், ஒரு மனிதரின் முகக் குறையைச் சரிசெய்யத் தங்கம் அனுமதிக்கப்பட்டது என்பதை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

நம் காலத்து உலமாக்களின் கூட்டுத் தீர்ப்பும் தெளிவாக உள்ளது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயா நகரில் கூடிய தன் 18ஆவது அமர்வில், அழகு அறுவைச் சிகிச்சை குறித்து 173ஆம் தீர்மானத்தை வெளியிட்டது. பிளந்த உதடு, மிகவும் கோணலான மூக்கு, மிகையான விரல் போன்ற பிறவிக் குறைகளைச் சரிசெய்யலாம் என்று கூறும் அத்தீர்மானத்தில், பிறவி மச்சமும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. அவற்றால் உடலுக்கோ மனத்திற்கோ குறிப்பிடத்தக்க துன்பம் நேர்வதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆகவே, முகத்தில் பரவிய செம்மச்சத்திற்குச் சிகிச்சை தேடுவது கூடும். இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

அத்தீர்மானம் விதித்த நிபந்தனைகளில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கின்றோம். எதிர்பார்க்கும் நன்மையைவிடத் தீங்கு மிகுந்துவிடக் கூடாது. தகுதி பெற்ற சிறப்பு மருத்துவரே செய்ய வேண்டும். விளைவுகளையும் ஆபத்துகளையும் மறைக்காமல் நோயாளிக்கு விளக்க வேண்டும். இதைவிடப் பாதிப்புக் குறைந்த வேறு வழி இருக்கக் கூடாது. லேசர் நிலையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்த நான்கும் நினைவில் இருக்கட்டும்.

லேசர்களுக்குள் நுழையுமுன் ஒரு பழியை இறக்கி வைத்துவிட வேண்டும். குழந்தையின் முகத்தில் சிவப்பைக் கண்டதும் ஊர் திரும்பிப் பார்ப்பது தாயைத்தான். கிரகணத்தின்போது வெளியே வந்தாள், கத்தி பிடித்தாள், ஆசைப்பட்டதைத் தின்னாமல் விட்டாள் என்பார்கள். 2019 டிசம்பர் 26ஆம் நாள் தமிழ்நாட்டில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவாகிச் சரியாக ஒரு மாதம் ஆன நாள் அது. அன்று கருவுற்ற பெண்களை அறைக்குள் வைத்துப் பூட்டிய வீடுகளில் நம்மவர் வீடுகளும் இருந்தன. நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்ததையும், அந்த மரணத்தால்தான் அது நேர்ந்தது என மக்கள் பேசிக்கொண்டதையும், சூரியனும் சந்திரனும் எவருடைய பிறப்பிற்காகவும் இறப்பிற்காகவும் கிரகணம் அடைவதில்லை என நபியவர்கள் தம் துயரத்தின் நடுவிலும் அதை மறுத்துத் தொழுகைக்கு ஏவியதையும் நாம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே கற்பிக்கின்றோம். பாடம் மதரஸாவோடு நின்றுவிடுகின்றது போலும். இந்த மூடநம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பிறவி மச்சத்திற்கு அரபு மொழியில் வழங்கும் 'வஹ்மா' என்ற சொல்லே கருவுற்றவளின் மசக்கை ஆசையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததுதான்.

உண்மைக் காரணம் 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தெளிவாயிற்று. கரு வளரும்போது ஓர் உயிரணுவில் ஜி.என்.ஏ.க்யூ. என்ற மரபணுவில் நேரும் சிறு மாற்றத்தால், அவ்விடத்து நுண்ணிரத்தக் குழாய்கள் விரிந்தே நின்றுவிடுகின்றன. இது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததன்று. தாய் உண்டதாலோ பார்த்ததாலோ நேர்ந்ததுமன்று.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

"எந்த லேசர்?" என்பதற்கு முன், "எந்த மச்சம்?" என்று கேட்க வேண்டும். பிறந்த குழந்தையின் பிடரியிலும் இமையிலும் இளஞ்சிவப்பாகத் தெரியும் திட்டுகள் மிகப் பொதுவானவை. இமையில் உள்ளவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும். பிடரியில் உள்ளவை நிலைத்தாலும் முடி மறைத்துவிடும். இவற்றிற்கு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது வகை ஹெமான்ஜியோமா. ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவந்து புடைப்பதால் ஸ்ட்ராபெரி மச்சம் என்றும் சொல்வர். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு இது வருகின்றது. பிறந்தபோது இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, சில வாரங்களில் விறுவிறுவென வளர்ந்து, ஓராண்டிற்குப் பின் மெல்லச் சுருங்கத் தொடங்கும். இதற்கு லேசர் தேடி அலைவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறிற்காக ப்ரோப்ரனலால் என்ற பழைய மருந்தைக் கொடுத்த குழந்தையின் ஹெமான்ஜியோமா மங்குவதைத் தற்செயலாகக் கண்டு, 2008இல் அதை வெளியிட்டனர். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இச்சிகிச்சைக்கென அம்மருந்தை அனுமதித்தது. மேலோட்டமான சிறு மச்சங்களுக்கு டிமோலால் சொட்டு மருந்தையே மேலே தடவுகின்றனர். வாய்வழி மருந்தும் குழந்தையின் இரத்தச் சர்க்கரையையும் இதயத் துடிப்பையும் குறைக்கக்கூடியது என்பதால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கத்தக்கது. ஆனால் சூட்டால் சுடும் லேசரைவிட எளிய வழி இருக்கும்போது முதலில் அதைத்தான் நாட வேண்டும். நான்காவது நிபந்தனை இங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றது. ஹெமான்ஜியோமா இமையருகே இருந்து பார்வையை மறைத்தாலும், தாடைப் பகுதியில் பரவியிருந்து மூச்சில் ஓசை கேட்டாலும், ஐந்திற்கு மேற்பட்ட மச்சங்கள் இருந்தாலும் தாமதிக்கலாகாது. வேகமாக வளர்வது முதல் ஐந்து மாதங்களில்தான். "தானே போய்விடும்" என்று காத்திருந்தே அந்த மாதங்களைச் சிலர் இழந்துவிடுகின்றனர்.

மூன்றாவது வகைதான் லேசருக்கு உரியது. மேலைநாட்டார் போர்ட் ஒயின் ஸ்டெயின் என்று ஒரு மதுவின் பெயரால் அதை அழைக்கின்றனர். நம் பிள்ளையின் கன்னத்தில் மதுவின் பெயரை ஒட்டுவானேன்? செங்கறை மச்சம் என்றே இங்கு எழுதுகின்றோம். மருத்துவச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும் என்பதால் அதையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இது உள்ளது. பிறக்கும்போதே இருக்கும், தட்டையாக இருக்கும், குழந்தை வளர அதே அளவில் வளரும், தானாக மறையாது. பலருக்கு நடுவயதை ஒட்டி நிறம் கருத்து, தோல் தடித்து, சிறு முடிச்சுகள் தோன்றி இரத்தம் கசிவதும் உண்டு.

இங்கே நிறத்தைவிட முதன்மையானது கண். செங்கறை மச்சம் நெற்றியிலும் மேலிமையிலும் படர்ந்திருந்தால், அதே மரபணு மாற்றம் கண்ணையும் மூளையின் மேலுறையையும் தொட்டிருக்கக்கூடும். 1879இல் இதை விவரித்த ஸ்டர்ஜ், பின்னர் எழுதிய வெபர் ஆகிய இரு ஆங்கிலேய மருத்துவர்களின் பெயரால் ஸ்டர்ஜ்-வெபர் நோய்த்தொகுதி என இது அழைக்கப்படுகின்றது. கண்ணழுத்த நோயும் வலிப்பும் இதன் விளைவுகள். கண்ணழுத்தம் வலியில்லாமலேயே பார்வையைத் தின்றுவிடும். பிறந்தவுடன் சரியாக இருந்தாலும் பின்னாளில் ஏறலாம். ஆகவே எந்த லேசருக்கும் முன்பாகக் கண் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து காட்ட வேண்டும். நம் வீடுகளில் ஒரு வழக்கத்தைக் காண்கின்றோம்: பெண் குழந்தையின் மச்சத்திற்குத் திருமணத்தை நினைத்துப் பதறுவார்கள், ஆண் குழந்தை என்றால் "ஆம்பளைக்கு என்ன?" என்று விட்டுவிடுவார்கள். கண்ணழுத்தத்திற்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது.

ஒளியும் மாநிறமும்

இனி லேசர்களைப் பார்ப்போம். 1970களில் செங்கறை மச்சத்திற்குப் பயன்பட்டது ஆர்கான் லேசர். அதன் நீலப்பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சியது. ஆனால் ஒளி விடாமல் பாய்ந்ததால் சூடு சுற்றிலும் பரவி, பலருக்கு மச்சத்திற்குப் பதிலாகத் தழும்பு மிஞ்சியது. 1983இல் அமெரிக்காவில் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கொள்கையை முன்வைத்தனர். விளக்குச் சுடரின் ஊடே விரலை விரைந்து வீசினால் சுடுவதில்லை, நிறுத்தினால் கொப்பளிக்கின்றது. அதுபோல, இரத்தம் உறிஞ்சும் நிறமுள்ள ஒளியை, குழாயின் சூடு வெளியே பரவுமுன் நின்றுவிடும்படி நொடியில் மிகச்சிறு பகுதி நேரமே பாய்ச்சினால், குழாய் மட்டும் சிதையும், தோல் தப்பும் என்பது அக்கொள்கை. அதிலிருந்து பிறந்ததே பல்ஸ்டு டை லேசர் எனும் துடிப்புச் சாய லேசர். இன்று பெரும்பாலும் 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியில் இயங்குகின்றது. ஒளி பாயுமுன் குளிர்தெளிப்பால் மேல்தோலைக் குளிர்விக்கும் வசதியும் 1990களில் சேர்ந்தது. செங்கறை மச்சத்திற்கு உலகெங்கும் முதல் தெரிவு இதுவே.

ஆனால் இக்கருவிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் செய்யப்பட்டவை. நம் தோலில் மெலனின் எனும் கருநிறமி மிகுதி. அது மேல்தோலில் ஒரு திரைபோல நிற்கின்றது. இரத்தத்திற்கு அனுப்பிய ஒளியில் ஒரு பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றது. விளைவு இரண்டு: உள்ளே போய்ச் சேரும் ஒளி குறைகின்றது, மேல்தோல் சூடாகிக் கொப்புளமோ, கரும்படலமோ, வெண்திட்டோ உண்டாகின்றது. ஆகவே நம் நிறத்திற்கு ஆற்றலைக் குறைத்து, குளிர்விப்பைக் கூட்டி, அமர்வுகளை அதிகமாக்கி நிதானமாகச் செய்வார்கள். "நான்கே அமர்வில் மறையும்" என்று வெளிநாட்டுக் குழந்தையின் படத்தைக் காட்டி எவரேனும் சொன்னால், அவர் மூன்றாவது நிபந்தனையை மீறிவிட்டார் என்று பொருள்.

இந்த இடத்தில்தான் என்டி-யாக் லேசர் விளம்பரத்திற்கு வருகின்றது. 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், இந்தியத் தோலுக்குப் பாதுகாப்பானது என்கின்றனர். முடி நீக்கத்திற்கு அது பெரிதும் உண்மை. செங்கறை மச்சத்திற்கோ அது பாதி உண்மைதான். அந்த ஒளியை இரத்தமும் குறைவாகவே உறிஞ்சுகின்றது. எனவே ஆற்றலை மிகவும் கூட்ட வேண்டியுள்ளது. பலன் தரும் அளவிற்கும் தழும்பு தரும் அளவிற்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. நிறம் மாறாமல் தப்பித்து, ஆழத் தழும்பில் மாட்டிக்கொள்ளும் நிலை அது. தடித்து முடிச்சிட்ட மச்சத்திற்கும் ஆழமான குழாய்களுக்கும் தேர்ந்த மருத்துவர் கையில் அது நல்ல கருவி. மென்மையான குழந்தைக் கன்னத்தில் அனுபவமற்றவர் கையில் அஞ்சத்தக்கது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரும் தடித்த மச்சங்களுக்கானது. மெலனினும் அதை உறிஞ்சுவதால் மாநிறத்தோருக்கு எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். பச்சை ஒளி தரும் கே.டி.பி. லேசரை இரத்தம் நன்றாக உறிஞ்சும், மெலனினும் நன்றாக உறிஞ்சும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். என்டி-யாக் என்ற ஒரே பெயரில் இரு வேறு வேலை செய்யும் கருவிகள் உள்ளன. நீண்ட துடிப்புள்ளது இரத்தக் குழாய்க்கு. க்யூ-ஸ்விட்ச்டு என்பது பச்சை குத்தியதையும் பழுப்பு, கருநீல மச்சங்களையும் கரைப்பதற்கு. பின்னதை வைத்துக்கொண்டு செம்மச்சத்தை நீக்குகிறேன் என்பவரிடம் பணம் கட்டிப் பயனில்லை. தோலைச் சீவி ஆவியாக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரும் இதற்கானதன்று. ஐ.பி.எல். என்பது லேசரே அன்று. (கிரிக்கெட்டும் அன்று.) பல நிறங்கள் கலந்த பளிச்சொளியை வடிகட்டிப் பாய்ச்சும் கருவி அது. அறிந்தவர் கையில் செங்கறை மச்சத்தை ஓரளவு மங்கச் செய்யும். வெயிலில் கருத்த தோலில் அளவு தவறினால் கட்டம் கட்டமாகச் சுட்டுவிடும்.

ஆகவே எந்தக் கருவி என்பதைவிட, யார் கையில், எந்த மச்சத்தில், எந்தத் தோலில் என்பதே தீர்மானிக்கின்றது. துடிப்புச் சாய லேசர் விலை மிகுந்தது. அதன் சாயத்தை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். நம் நாட்டில் குறைவான இடங்களிலேயே உள்ளது. அது இல்லாத நிலையம் தன்னிடம் இருப்பதையே சிறந்தது என்று சொல்லும். கடைக்காரர் தம் சரக்கைத்தானே புகழ்வார்! பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்: இது எந்த வகை மச்சம்? இக்கருவியால் மாநிறத் தோலில் எத்தனை செங்கறை மச்சங்களுக்குச் சிகிச்சை செய்துள்ளீர்கள்? முதலில் ஓரத்தில் சிறு இடத்தில் செய்து பார்த்து, சில வாரம் பொறுத்து முடிவெடுப்பீர்களா? கண்ணுக்கு உலோக மூடி வைப்பீர்களா? இக்கேள்விகளுக்குச் சினம் கொள்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் நேரும் கேட்டிற்கு அவரே பொறுப்பாளி என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் ஹதீஸ் உள்ளது. ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து இழப்பீட்டுச் சட்டமே வகுத்துள்ளன. அழகு நிலையத்தில் முடி நீக்கும் கருவியை வைத்துக் குழந்தையின் முகத்தைத் தொட முனைவோர் இந்த எச்சரிக்கைக்குள் வருகின்றனர். தெரிந்தே அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் தங்கள் பங்கை எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்பார்ப்பை நேராக வைத்துக்கொள்வது பாதி மருத்துவம். ஒவ்வோர் அமர்விற்கும் இடையே நான்கு முதல் எட்டு வாரங்கள். எட்டு, பத்து அமர்வுகள் அல்லது அதற்கும் மேல். சிகிச்சை செய்த இடம் நாவல்பழ நிறத்தில் கருநீலமாகி, ஓரிரு வாரங்களில் தெளியும். அது சூடு பட்டதன் இயல்பான அடையாளம், கொப்புளம் அன்று. மச்சம் முற்றிலும் மறைவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே. பெரும்பாலோர்க்கு நிறம் நன்கு மங்குகின்றது. சிலருக்கு அசைவதே இல்லை. நெற்றியும் கழுத்தும் நன்கு பலன் தரும். மூக்கும் மேலுதடும் சூழ்ந்த நடுமுகம் அவ்வளவாகத் தராது. கையும் காலும் மிகக் குறைவு. மங்கியது பல ஆண்டுகள் கழித்துச் சற்றே மீண்டும் கருக்கும் என்பதை 2007இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பத்தாண்டுக்குப் பின் அளந்து காட்டினர். கைக்குழந்தைப் பருவத்தில் தோல் மெல்லியது, மச்சம் சிறியது, நிறமியும் குறைவு. ஆகவே தொடங்குவதாயின் விரைவில் தொடங்குவது மேல் என்பர். மயக்க மருந்து தேவைப்படும் வயதில், மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துத் துறை 2016இல் எச்சரித்ததையும் மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். கத்திரி வெயிலில் அமர்வு வைத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் கருத்த தோலுக்கு லேசர் பகை.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. முதல் பரிசோதனைக்கு அங்கு செல்லலாம். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய நிறுவனங்களுக்குப் பரிந்துரை பெறலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகின்றன; கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் இருப்போர் அவர்களிடமே குழந்தையைக் காட்டலாம். சிகிச்சைக்கு வேண்டிய பணம் வேறு, போய்வர ஆகும் செலவு வேறு. பத்து அமர்வு என்றால் கரும்பு வெட்டப் போகும் தந்தைக்குப் பத்து நாள் கூலியும் தாய்க்குப் பத்து நாள் கூலியும் இழப்பு. தேவையுடைய குடும்பம் ஸகாத் பெறத் தகுதியுள்ளது. ஹனஃபி மத்ஹபில் பொருளை உரியவர் கையில் சேர்ப்பது நிபந்தனை என்பதால், ஜமாஅத் நிர்வாகிகள் அத்தொகையைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துவிடட்டும். அழகுக்கு ஸகாத்தா என்று கூட்டத்தில் எவரேனும் கேட்டால், மேலே சொன்ன புத்ராஜாயா தீர்மானத்தை எடுத்துக் காட்டுங்கள்.

ஓதிப்பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அல்லாஹ்விடம் குணம் வேண்டுவது வணக்கம். நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஓதிய கையோடு பேருந்து ஏறுங்கள். மச்சத்தில் சுண்ணாம்பு தடவிப் புண்ணாக்குவதும், தாயத்துக் கட்டி ஆறு மாதம் காத்திருந்து ஹெமான்ஜியோமாவை வளரவிடுவதும் இரண்டிலும் சேராதவை.

சிகிச்சை எடுத்தும் மங்காதவர்களும், எடுக்க விரும்பாதவர்களும் இருப்பர். அது அவர்களின் உரிமை. சோவியத் ஒன்றியத்தின் கடைசி அதிபர் கோர்பச்சேவின் நெற்றியிலிருந்த செங்கறை மச்சத்தை உலகமே பார்த்தது. அவர் அதை அப்படியே விட்டிருந்தார். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸாஹிர் (ரலி) என்ற கிராமவாசி இருந்தார். தோற்றப் பொலிவு இல்லாதவர். சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்த அவரை நபியவர்கள் பின்புறமாக வந்து அணைத்துக்கொண்டு, இவரை வாங்குவார் யார் என்று வேடிக்கையாகக் கூவினார்கள். தாம் விலைபோகாத சரக்கு என்று அவர் சொன்னபோது, அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்புள்ளவர் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நம் மதரஸாப் பிள்ளைகள் ஒருவனை 'செவத்த மூஞ்சி' என்று அழைத்தால், பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் வசனத்தை உஸ்தாதுகள் அன்றே எடுத்து ஓதிப் பொருள் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வரும்போது மச்சத்தைப் பூச்சால் மறைப்பதையும் நாம் ஏற்பதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காக விலகுகின்ற வீடு நிக்காஹிற்குப் பின் விலகுவதைவிட முன்பே விலகட்டும்.

ஒளூ பற்றிய கேள்விகள் தனியே வருவதால் அதையும் கூறிவிடுகின்றோம். லேசருக்குப் பின் தோல் கருநீலமாக மட்டும் இருந்து, நீர் படலாம் என மருத்துவர் சொன்னால், தேய்க்காமல் நீரை வழியவிட்டு ஒளூச் செய்யலாம். கொப்புளமோ புண்ணோ ஏற்பட்டு நீர் தீங்கு தரும் என்றால், ஹனஃபி மத்ஹபின்படி ஏனைய இடங்களைக் கழுவி அவ்விடத்தில் ஈரக்கையால் தடவலாம். அதுவும் தீங்கு தருமானால் விட்டுவிடலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் மற்ற இடங்களைக் கழுவி, அந்த இடத்திற்காகத் தயம்மும் செய்ய வேண்டும். மச்சத்தை மறைக்கப் பூசும் நீர்புகாப் பூச்சுகள் தோலுக்கு நீர் சேர்வதைத் தடுப்பதால், ஒளூவிற்குமுன் அவற்றை முழுதும் அகற்ற வேண்டும். ஒளூவுடன் இருக்கும்போது பூசிக்கொண்டால் அந்த ஒளூ முறியாது. வெயில்காப்புக் களிம்பு தோலில் படலமாகத் தங்கி நீரைத் தடுக்குமானால் அதற்கும் இதுவே சட்டம். தோலில் உறிஞ்சப்பட்டுப் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால் ஒளூ நிறைவேறும். நோன்பு நாளில் தோலின் மேல் மரத்துப்போகும் களிம்பு பூசி லேசர் செய்துகொள்வதால் நோன்பு முறியாது.

வல்லாஹு அஃலம்.